கிறீம் பூசின முகத்துக்கு வேப்பிலை கட்டின கதை

பாலையூற்றில் முகப்பரு வந்த பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் இப்போது நேரே எங்கள் வீட்டுப் படலையைத்தான் திறக்கிறார்கள். "அந்தக் கிறீமை எப்பிடிப் பூசிறது? தோல் உரியுமாமே, உண்மையோ?" வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றி ஊற்றியே குசினியில் சீனி முடிகிறது. எனக்கு அலுப்பில்லை. கதைக்கிறதென்றால் எனக்குச் சோறு வேண்டாம். என் பேத்தி றீற்றாதான் பொறுமையிழந்து, "அம்மம்மா, நீங்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுறீங்கள். ஒருக்கா ஒழுங்காச் சொல்லுங்கோ, நான் எழுதிறன்" என்றாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே நான் சொல்ல அவள் எழுதுகிறாள். முகம் அவளுடையது, வாய் என்னுடையது.

அவளுக்குப் பதினாறு வயதில் நெற்றியில் தொடங்கியது. எல்லாருக்கும் வருகிறதுதானே என்று விட்டுவிட்டோம். பிறகு கன்னத்துக்கு இறங்கி, தாடைக்கு வந்து, முதுகுக்கும் போய்விட்டது. சின்னப் பரு இல்லை. தோலுக்குள் குறுணிக்கல் வைத்ததுபோல இருக்கும், தலையணை பட்டாலும் நோகும். கஸ்தூரி மஞ்சள் பூசினோம். பயத்தம் மாவும் பூசினோம். யாரோ சொன்னார்கள் என்று தேசிக்காய்ப் புளி பூசி, பிள்ளை கிணற்றடிக்கு ஓடினதும் உண்டு. என் முகம் அந்த வயதில் கண்ணாடி மாதிரி இருந்தது. வெள்ளைக்காரனின் கப்பல் துறையில் வேலை செய்த என் மனுசன் என்னைப் பார்த்துத்தான் சைக்கிளோடு வேலியில் விழுந்தவர். இதெல்லாம் இங்கே எதற்கு என்கிறாள் றீற்றா. எழுது பிள்ளை.

பரு கூடக்கூட அவள் வெளியே போகிறது குறைந்தது. பூசைக்கு விடியற்காலைப் பூசையாகப் பார்த்துப் போவாள், தூணுக்குப் பின்னால் இருப்பாள், வேதக்கோயிலுக்கு வெளியே வந்தும் முக்காட்டை எடுக்கமாட்டாள். சோதினையெல்லாம் நல்லாய்ப் பாஸ் பண்ணினவள். கன்னியர்மடத்துச் சிஸ்டர் வீடு தேடி வந்து, தையில் தொடங்குகிற பாலர் வகுப்பை எடுக்கச் சொல்லிக் கேட்டார். சின்னப் பிள்ளைகளென்றால் றீற்றாவுக்கு உயிர். ஆனாலும் சிஸ்டர் போனதும் என்னிடம் சொன்னாள்:

"என்னாலை ஏலாது அம்மம்மா. பெரிய ஆக்கள் பார்த்தும் பாராதமாதிரி இருப்பினம். குஞ்சுகள் நேரே கேட்டுப்போடுங்கள், ரீச்சர் முகத்தில என்ன எண்டு. அந்த இடத்திலை நான் செத்துப்போவன்."

சிஸ்டருக்கு அவள் கொடுத்த மறுமொழி, தைக்குள் முகம் சுகமானால் வருகிறேன் என்பதுதான். சிஸ்டரும் காத்திருக்கிறேன் என்றார். அப்போது ஐப்பசி மாதம்.

பெரியாஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து தோல் டாக்குத்தர் வருவார். அங்கே போவோம் என்றதும் என் மகள் திரேசா, அதுதான் றீற்றாவின் தாய், நடுங்கிவிட்டாள். குட்டத்துக்கும் அங்கேதான் மருந்து கொடுக்கிறார்கள், அந்த வரிசையில் பெண்பிள்ளையைக் கண்டால் ஊர் என்ன சொல்லும் என்று. போன அன்று ஆஸ்பத்திரி வரிசையில் அவள் குடையை விரித்து அதற்குள் தன் முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றாள். மழையுமில்லை, வெயிலுமில்லை. நான் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கிலில் குந்தியிருந்து எல்லாரோடும் கதைத்தேன். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற ஒரு பொடியன் பக்கத்தில் இருந்தான்.

"எனக்கும் பருத்தான் ஆச்சி. இவர் தந்த கிறீம்தான் பூசிறன். ரெண்டாம் கிழமை கண்ணாடியைப் பார்த்திட்டு, ட்யூப்பைக் கடலுக்கை எறிய வெளிக்கிட்டனான். அம்மா பறிச்சு வைச்சவ. இப்ப பாருங்கோ."

கன்னத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினான். தடம் இருந்தது, பரு இல்லை. அவனுக்கு அடுத்திருந்த பெட்டைக்குச் சிரிப்பில்லை. "நான் உரியத் தொடங்கினவுடனை பயந்து விட்டிட்டன். இப்ப திருப்பி முதலிலையிருந்து" என்றாள். மருந்து ஒன்று, சொல்கிற கதை ஆளுக்காள் வேறு.

டாக்குத்தர் றீற்றாவின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களுக்கு விளங்கச் சொன்னார்.

"தோலிலை சின்னச் சின்னத் துவாரம் இருக்கு. அது அடைபட்டு உள்ளுக்கை எண்ணெய் தேங்கித்தான் பரு வாறது. இந்தக் கிறீம் விற்றமின் ஏயிலையிருந்து செய்தது. அடைப்பை இளக்கும், பழைய தோலைக் கெதியாக் கழட்டும். உள்ளுக்கை கிடக்கிறதெல்லாம் மேலை வரும். அதாலை முதல் மாசம் கூடினமாதிரித்தான் தெரியும். பயந்து விட்டிடக்கூடாது."

பூசுகிற விதத்தையும் அவரே சொன்னார். இரவில் மட்டும். முகத்தைக் கழுவி, ஈரம் முழுதாய்க் காய்ந்த பிறகு. கண்ணோரம் வாயோரம் தொடக்கூடாது. பகலில் வெயில் படக்கூடாது. பிள்ளை வயிற்றில் இருக்கிறவர்கள் பூசவே கூடாது. முழு முகத்துக்கும் ஒரு பயறு அளவு போதும்.

"ஒரு பயறோ டாக்குத்தர்? இந்த முகத்துக்கு ஒரு பானை பயத்தங்கஞ்சி வேணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். றீற்றா என் காலை மிதித்தாள்.

அந்தக் கிறீம் ஆஸ்பத்திரியில் இல்லை, துண்டு எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். என் மருமகன் சூசை பார்மசியில் விலையை இரண்டுதரம் கேட்டார். ட்யூப்பை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த நாளிலிருந்து சாப்பிட்ட பிறகு அவர் பற்றவைக்கிற சுருட்டைக் காணோம். ஏன் என்று திரேசா கேட்டதற்கு இருமல் என்றார். அந்த இருமலை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் சில நாள் ஒன்றுமில்லை. பிறகு முகம் சிவந்தது, மூக்கோரம் வெங்காயத்தோல் மாதிரி உரிந்தது. டாக்குத்தர் முதலே சொன்னபடியால் நாங்கள் பயப்படவில்லை. ஆனால் றீற்றாவுக்கு வேறு கணக்கு. இரவில் மட்டும் பூசினால் டாக்குத்தர் சொன்ன மூன்று மாதம், காலையிலும் பூசினால் பாதிக் காலம் போதும் என்று அவளாகவே தீர்மானித்து, எங்களுக்குச் சொல்லாமல் பூசத் தொடங்கிவிட்டாள். கார்த்திகையில் அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நெருப்புச் சுட்டதுபோலச் சிவப்பு, அதன்மேல் வெள்ளை முனையோடு புதிது புதிதாய்ப் பரு. அந்த நேரம் பார்த்து மாரிமழையில் நனைந்து காய்ச்சலும் வந்துவிட்டது.

எங்கள் ஒழுங்கையில் அப்போது கொப்புளிப்பான் என்கிற அம்மை வீடு வீடாய்ப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பரிமளம் கிணற்றடியில் றீற்றாவைக் கண்டிருக்கிறாள். காலையில் நான் கதவைத் திறந்தால், எங்கள் படலையின் இரண்டு தூணிலும் கொத்துக் கொத்தாய் வேப்பிலை.

"பரிமளம், இது என்ன வேலை?"

"அக்கா, அம்மாள் வந்ததை மறைக்கக்கூடாது. நீங்கள் வேதக்காரர், உங்களுக்குப் பழக்கமில்லையெண்டுதான் நானே கட்டினனான். மீன் பொரிக்காதையுங்கோ. கடுகு தாளிக்காதையுங்கோ. தண்ணி வாக்கிற அண்டைக்கு மஞ்சளும் வேப்பிலையும் நானே அரைச்சுக்கொண்டு வாறன்."

"அம்மாளுமில்லை ஆச்சியுமில்லை. அது கிறீம்."

"எங்கடை வீட்டிலையும்தான் கிறீம் பூசுறம். முகம் வெளுக்கும். இப்பிடிக் கொதிக்குமே?"

நல்ல மனுசி அவள். வேலிக்கு மேலால் மூன்று இளநீரும் தந்துவிட்டாள். வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இளநீரைத்தான் சொல்கிறேன். வேப்பிலையைக் கழற்றுவோம் என்று போனால், றீற்றா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும் அம்மம்மா. அது இருந்தால் ஒருத்தரும் உள்ளை வரமாட்டினம்."

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பரு வந்தது முகத்தில் என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேப்பிலை மற்றவர்களை உள்ளே வராமல் தடுத்தது. ஆனால் சுகாதாரப் பரிசோதகரை, நாங்கள் பீ.எச்.ஐ. ஐயா என்போம், அவரை நேரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. கொப்புளிப்பான் வந்த வீடுகளைத் தேடிச் சைக்கிளில் திரிகிற மனுசனுக்கு வேப்பிலையைவிட வேறு விலாசம் வேண்டுமா? மழைக்கோட்டோடு வாசலில் நின்றார்.

"ஐயா, இது பருவுக்குப் பூசின கிறீமாலை வந்தது" என்றேன்.

"அப்ப ஏன் வேப்பிலை?"

"அது பக்கத்து வீட்டுக்காரி கட்டினது."

"பக்கத்து வீட்டுக்காரி கட்டினதை நீங்கள் ஏன் கழட்டேல்லை?"

றீற்றாவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். இவள் ஒளிந்திருக்கத்தான் கட்டி வைத்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்லுவது?

அவர் சிவப்பையும் கொப்புளத்தையும் பார்த்தார், நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலையும் பார்த்தார். சின்னவளாய் இருக்கும்போதே அவளுக்குக் கொப்புளிப்பான் வந்து போனது, எனக்கும் வந்தது என்று சொன்னேன்.

"அப்ப வந்தது சின்னமுத்து அம்மையோ என்னவோ அம்மா, ஆருக்குத் தெரியும். கிறீம் எண்டால் டாக்குத்தர் பார்த்துச் சொல்லட்டும். ஒரே கிணத்திலை எத்தினை வீடு அள்ளுது? ரெண்டு மூண்டு நாள் ஆஸ்பத்திரியிலை இருக்கட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படித்தான் பருவுக்கு மருந்து பூசின பிள்ளையும், அவளுக்குத் துணையாக நானும், பெரியாஸ்பத்திரியின் தொற்றுநோய் வாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வளவின் கடைசியில் கடற்பக்கமாய்த் தனியாக நிற்கிற வாட்டு அது. யன்னலுக்கெல்லாம் கம்பிவலை. காற்றுக்கு மட்டும் குறைவில்லை. மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு ஊதுகிறது அங்கே நல்லாய்க் கேட்கும். கட்டில் முழுக்கக் கொப்புளிப்பான் வந்த சின்னப் பிள்ளைகள், தாய்மாரோடு. வாட்டு டாக்குத்தர் வந்து, முகத்தில் ஒன்றும் பூசவேண்டாம், பச்சைத்தண்ணீரில் கழுவினால் போதும் என்றார். தோல் டாக்குத்தர் வருகிற நாள் கிட்டத்தான் இருந்தது, அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளுவோம் என்றார்.

றீற்றா சுவர்ப்பக்கம் திரும்பி, தலை மேலாகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மத்தியானச் சோறும் வேண்டாம். சூசை வேலைக்குப் போகாமல் வந்து யன்னலுக்கு வெளியே மரத்தடியில் இருந்தார். உள்ளே வர விடமாட்டார்கள். பின்னேரம் வரைக்கும் சும்மா இருந்தார். நான் யன்னலடியில் நின்று, "போங்கோ தம்பி, மழை வருது" என்றேன். "இஞ்சை நனையாது மாமி" என்றார். நல்லாய் நனைந்துகொண்டுதான் இருந்தார்.

அடுத்த கட்டிலில் மூதூரிலிருந்து வந்த ஹசீனா. ஆறு வயது இருக்கும். சொறிந்துவிடாமல் இரண்டு கையிலும் துணி சுற்றிவிட்டிருந்தாள் அவளுடைய உம்மா. இறங்கி வந்து, அந்தத் துணி சுற்றின கையாலேயே றீற்றாவின் போர்வையைத் தூக்கினாள்.

"ஒங்களுக்கு முதுகிலயும் இரிக்கா?"

எந்தக் கேள்விக்குப் பயந்து என் பிள்ளை இவ்வளவு நாள் ஒளிந்திருந்தாளோ, அந்தக் கேள்வி அவளுக்கு முன்னால் நிற்கிறது. றீற்றா போர்வையை முகத்திலிருந்து தானே விலக்கினாள். பிறகு மெல்ல, "ஓம், இருக்கு" என்றாள்.

"எனக்குக் காதுக்குள்ளேயும் இரிக்கி" என்றது அந்தக் குஞ்சு. தங்கத்தோடு போட்டிருக்கிறேன் என்று சொல்லுகிற பெருமையில் சொன்னது.

"என்ரைதான் பெரிசு" என்றாள் றீற்றா.

"பெரிசெண்டா என்ன. எனக்குத்தான் கூட."

"புள்ளைய விடு மகள், அவக்குச் சுகமில்ல" என்று உம்மா கூப்பிட்டாள். ஆனால் றீற்றா எழும்பி இருந்துவிட்டாள். அவள் சிரித்தாள். உரிந்த தோலில் சிரித்தால் எரியும். கன்னத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுதும் போட்டேன், அதை ஒருவரும் காணவில்லை.

பிறகு என்ன, வாட்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கே எல்லாருடைய முகத்திலும் புள்ளி. புள்ளி இல்லாத முகத்தோடு இருந்த நான்தான் அந்தப் பிள்ளைகளுக்கு விசித்திரம். கொப்புளிப்பானுக்குப் பூசுகிற றோஸ் நிற மருந்தை நேர்ஸ் கொண்டுவந்தால் முதலில் எல்லாரும் கத்துவார்கள். றீற்றா பஞ்சை வாங்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் வைத்துக்கொண்டு பூசத் தொடங்கினாள். இது மூதூர், இது கிண்ணியா, இது வெருகல். ஹசீனாவின் மூக்குநுனிதான் திருகோணமலை. கத்தினவர்கள் எல்லாம் தங்கள் முதுகில் எந்த ஊர் இருக்கிறதென்று கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். லோஞ்ச் ஊதுகிற வரைக்கும் சொறியாமல் இருப்பவர்தான் கப்பல் கப்டன் என்று ஒரு விளையாட்டும் வைத்தாள். கையில் சுற்றின துணிகளை உம்மாமார் அவிழ்த்துவிட்டார்கள். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் அவளை ரீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மீசை அரும்பின வாட்டுப் பணியாளர் ஒருவர், "ரீச்சர், எனக்கும் ஒரு ஊர் இருக்கோ?" என்று கேட்டு நேர்சிடம் ஏச்சு வாங்கினார்.

தோல் டாக்குத்தர் வந்தார். றீற்றாவைக் கண்டதும் அவருக்குப் பயத்தங்கஞ்சி ஞாபகம் வந்திருக்கவேண்டும், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"காலமையும் பூசினனீரோ?"

"ஓம் டொக்டர்."

"ஏன்?"

"தைக்குள்ளை சுகமாக வேணும்."

"மருந்துக்குத் தை மாசம் தெரியாது பிள்ளை. இது கொப்புளிப்பான் இல்லை. கூடப் பூசித் தோல் வெந்துபோச்சு, அவ்வளவுதான். காய்ச்சல் மழைக்காய்ச்சல், அதுவும் விட்டிட்டுது. முகம் பழுதாகேல்லை. ஆனால் தைக்குள்ளை சரிவராது. பங்குனி வரைக்கும் பொறுக்கவேணும்."

சிவப்பு ஆறும்வரைக்கும் ஒன்றும் பூசாமல் விட்டு, பிறகு ஒன்றுவிட்ட ஒரு இரவு பூசி, தோல் தாங்கினால் ஒவ்வொரு இரவும் பூசச் சொன்னார். வருகிற தாய்மாருக்கு நான் அழுத்திச் சொல்லுவது இதைத்தான். கிறீம் கறிக்கு விடுகிற பால் இல்லை, கூட விட்டால் ருசி கூடுவதற்கு. டாக்குத்தர் எழுதித் தராமல், பக்கத்து வீட்டு ட்யூப்பைக் கடன் வாங்கிப் பூசவும் வேண்டாம். மாசியில் புதுப் பரு வருவது நின்றது, பங்குனியில் முகம் தெளிந்தது. தாடையில் இரண்டு மூன்று குழி இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். வெயிலுக்குள் போனால் இப்போதும் குடை பிடிக்கிறாள்.

பார்த்தீர்களா, வாய் பங்குனிக்குப் போய்விட்டது. நாங்கள் இன்னும் வாட்டில்தான் நிற்கிறோம்.

டாக்குத்தர் பங்குனி என்று சொன்னதும் நான் விரலை மடக்கி மாதத்தை எண்ணினேன். சிஸ்டருக்குச் சொன்ன தவணை தை. வகுப்பை வேறு யாருக்கும் கொடுக்காமல் இருக்க அவராலும் ஏலாது. றீற்றா கட்டிலில் போய் இருந்தாள். ஹசீனா பக்கத்தில் ஏறி இருந்து அவளுடைய சீலைத் தலைப்பைச் சுருட்டி விளையாடினாள். நான் ஒன்றும் கதைக்கவில்லை. நான் கதைக்காமல் இருந்த நேரம் என் வாழ்க்கையில் மிகக் குறைவு.

அன்று பின்னேரம் சிஸ்டர் வந்தார். பீ.எச்.ஐ. ஐயா கூட்டிப்போன செய்தி மடத்துக்கும் போயிருந்தது. தொற்று வாட்டென்றபடியால் யன்னலுக்கு வெளியில் நின்றுதான் கூப்பிட்டார். பகல் வெளிச்சம் முழுக்க அந்த யன்னலில் விழுந்துகொண்டிருந்தது. முக்காட்டைத் தேடுவாள் என்று நான் பையைத் திறந்தேன். றீற்றா அப்படியே எழும்பிப் போய், கம்பிவலையில் நெற்றி படுமளவுக்குக் கிட்ட நின்றாள். பின்னாலேயே பிள்ளைகள்.

சிஸ்டர் அவளை நல்லாய்ப் பார்த்தார். மனம் நோகாமல் சொல்லவேண்டுமென்று சொல் தேடினார்.

"மகள், நீர் சுகத்தைப் பாரும். வகுப்புக்கு நான் வேறை ஆளைக் கேட்கட்டோ? அவசரமில்லை. அடுத்த வருசமும் இருக்குத்தானே."

"வேண்டாம் சிஸ்டர்."

"பிள்ளையள் கேட்பினமே, முகத்திலை என்னவெண்டு."

"கேட்கட்டும் சிஸ்டர். இஞ்சை எல்லாரும் கேட்டிட்டினம்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன செய்ய, எனக்கே புதுச் செய்தி. றீற்றா ஹசீனாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"முகம் பங்குனிக்குத்தான் வரும் சிஸ்டர்" என்றாள். "நான் தைக்கே வாறன்."